காரவான் தங்குமிடங்களில் கழிவு ஜலம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட பிரசங்கம்)



வழிப்போக்கன் ஒருவன் ஓரிடத்தில் ஓரிரவு தங்கிச் செல்லுகிறான். அவன் குடிக்கவும் குளிக்கவும் கேட்டு வாங்கிய ஜலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அவன் விட்டுப்போகும் ஜலத்தையோ எவரும் பார்ப்பதில்லை. கேட்டு வாங்கியது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவும் அழுக்காகி அந்த நிலத்திலேயே எங்கோ ஒரு மூலையில் இறங்கிவிடுகிறது. இவ்விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வதற்கு இங்கிலாந்து தேசத்தின் காரவான் தங்குமிடங்களைப் போன்ற நல்ல உதாரணம் வேறில்லை.

காரவான் என்பது சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு சிறு வீடு. மோட்டார் வண்டியின் பின்னால் அதைக் கட்டி இழுத்துச் செல்லுகிறார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, முகம் கழுவும் தொட்டி, பெரும்பாலானவற்றில் ஒரு சிறு கக்கூசும் உண்டு. ஆயினும் அவ்வீட்டிற்குத் தெருவில்லை, தெருவில்லாமையால் சாக்கடையுமில்லை. தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து புல்தரைக்கு மேல் நிற்கும். அக்குழாயின் வாயிலிருந்து விழும் ஜலத்திற்கு அதன்பின் நேர்வது என்ன என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

விடுமுறைக்கு ஊர்சுற்றும் சீமான்களின் விவகாரம் கிராமத்தாருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வண்டிகள் வந்து நிற்பது பட்டணத்தில் அன்று. பெரும்பாலும் அவை ஒரு குடியானவனுடைய மேய்ச்சல் வெளியிலோ பழத்தோட்டத்திலோதான் நிற்கின்றன. அவற்றிற்குக் குடிஜலம் கொடுப்பது அவனுடைய குழாய். சில இடங்களில் அவனுடைய கிணறு. வண்டிக்காரன் ஞாயிற்றுக்கிழமை மாலை தன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். கிணறு அங்கேதான் இருக்கும். அதன் ஜலத்தைக் குடிக்கும் குழந்தைகளும் அங்கேதான் இருப்பார்கள்.

உல்லாசத்திற்காக வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். இவர் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் தமக்கென ஒரு பெரிய வண்டியைக் கட்டுவித்து, அதற்கு ‘வாண்டரர்’ எனப் பெயரிட்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டி, 1885-ம் ஆண்டில் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காத்லாந்தின் வடபகுதி வரையில் சென்றார். எதிரே நீராவி இயந்திரங்கள் வருகின்றனவா என்று பார்த்துச் சொல்ல ஒரு பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போனானாம். அக்காலத்தில் கழிவு ஜலம் ஒரு கேள்வியாகவே எழவில்லை. வண்டி ஒன்று, தங்குவது ஓரிரவு, ஒரு வாளி அழுக்கு ஜலத்தை எந்த வேலியோரத்தில் கொட்டினாலும் மண் அதை ஏற்று மறுநாளே மறந்துவிடும். 1907-ல் காரவான்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்திக்கொண்டனர். 1919-ல் மோட்டார் வண்டி இழுத்துச் செல்லத்தக்க காரவான்களை எக்கிள்ஸ் கம்பெனியார் விற்பனைக்குச் செய்யலாயினர். அதன்பின் ஒரு வண்டி நின்ற இடத்தில் பத்து வண்டிகள் நின்றன. ஓரிரவு தங்கினவர்கள் ஒரு வாரம் தங்கினார்கள். அதே வேலியோரம், அதே மூலை, தினந்தோறும் பத்து வாளி. மண்ணின் பொறுமைக்கு அளவுண்டு.

சட்டம் தலையிட்டது இந்த நிலைமையிலேதான். 1936-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 269-வது பிரிவு, நகரும் வாசஸ்தலங்களை ஒரு நிலத்தில் தொடர்ந்து 42 நாட்களுக்கு மேலாகவோ, பன்னிரண்டு மாதத்தில் 60 நாட்களுக்கு மேலாகவோ வைத்துக்கொள்ளுவதற்கு ஸ்தல ஸ்தாபனத்தாரின் லைசென்சு வேண்டுமென்று விதித்தது. இரண்டாவது மகாயுத்தத்திற்குப் பின் வீடு கிடைக்காத பலர் காரவானையே நிரந்தர வீடாகக் கொண்டார்கள். அவ்விதத் தங்குமிடங்கள் பெருகியதன்மேல் 1960-ல் காரவான் தங்குமிடங்களுக்கென்றே தனிச் சட்டம் ஏற்பட்டது. அச்சட்டத்தில் கிராமத்தார் கவனிக்கத்தக்க விலக்கு இரண்டு. ஐந்து ஏக்கருக்குக் குறையாத நிலமுள்ளவர் வருஷத்தில் 28 நாட்களுக்கு மேற்படாமல், மூன்று வண்டிகள் வரையில் லைசென்சு இன்றியே நிற்கவிடலாம் என்பது ஒன்று. அங்கீகாரம் பெற்ற காரவான் சங்கம் ஒரு குடியானவனுடைய நிலத்தைப் பார்வையிட்டு அத்தாட்சி அளித்தால், அச்சங்கத்தின் அங்கத்தினர்களுடைய வண்டிகளில் ஐந்து வரை அங்கே தங்கலாம் என்பது மற்றொன்று. இந்த ஐந்து வண்டித் தங்குமிடங்கள் அத்தேசத்தின் கிராமாந்தரங்களில் ஏராளம். ஆள் வைத்து நடத்தும் பெரிய தங்குமிடங்களில் நகரத்துச் சாக்கடையோடு இணைப்பு இருக்கும்; அவற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கஷ்டமும் கவனமும் ஐந்து வண்டி வைத்திருக்கும் குடியானவனுக்கே உரியவை.

முதலாவது அவன் தெரிந்துகொள்ளவேண்டியது, தன் வெளியில் விழும் அழுக்கு ஜலம் ஒரே வகையன்று என்பது. பாத்திரம் கழுவியதும், முகம் கைகால் கழுவியதும், துணி அலசியதும் ஒரு வகை. இதைக் கழுவு ஜலம் என்போம். கக்கூசிலிருந்து வருவது வேறு வகை, அது மலஜலம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலவாதிருக்கும் வரையில் ஒவ்வொன்றிற்கும் எளிய பரிகாரம் உண்டு. கலந்துவிட்டால் அவ்வளவும் மலஜலமேயாகும். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் கலந்தபின் எந்தப் பகுதி பால், எந்தப் பகுதி விஷம் என்று பிரிக்க முடியாதன்றோ?

அளவையும் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு வண்டியில் இருப்பவர்கள் நாளொன்றுக்கு 40 லிட்டர், அதாவது 9 காலனுக்குச் சற்றுக் குறைவாகச் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுவோம். வீட்டில் இருப்பதைவிட இது மிகவும் சிக்கனமான செலவுதான். ஐந்து வண்டிகளுக்கு 200 லிட்டர். நூறு நாள் கொண்ட ஒரு கோடைப் பருவத்தில் 20,000 லிட்டர் ஆகிறது. ‘வெறும் சோப்பு ஜலந்தானே’ என்று வேலியோரத்தில் ஊற்றுகிறவர் தம்முடைய ஒரு வாளியையே நினைக்கிறார். நிலத்துக்குடையவன் நினைக்கவேண்டியது இருபதினாயிரம் லிட்டரை.

கழுவு ஜலம் அப்படியொன்றும் தீங்கற்றதன்று என்பதற்கு 1854-ம் ஆண்டில் லண்டன் நகரில் நேர்ந்த பெருந்துயரமே சான்று. பிராட் ஸ்டிரீட் என்னும் தெருவிலிருந்த குழாய்க் கிணற்றைச் சுற்றிலும் பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் காலராவினால் மாண்டனர். அக்கிணற்றின் ஜலமே காரணமென்று டாக்டர் ஜான் ஸ்நோ கண்டறிந்து, குழாயின் பிடியைக் கழற்றச் செய்தார். அந்த ஜலத்தில் காலரா எவ்வாறு புகுந்தது என்பதைப் பின்பு ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார் வீடு வீடாக விசாரித்துக் கண்டுபிடித்தார். அத்தெருவின் 40-ம் எண்ணுள்ள வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை பேதி கண்டு இறந்தது. அதன் தாயார் குழந்தையின் அழுக்குத் துணிகளை அலசிய ஜலத்தை வீட்டு முன்புறத்துக் கழிவுக் குழியில் கொட்டினார். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் மூன்றடி தூரங்கூட இல்லை. குழியின் செங்கற் சுவரும் சிதைந்திருந்தது. துணி அலசிய ஒரு வாளி ஜலம் ஒரு பேட்டையையே வெறுமையாக்கியது. அந்தத் தாயார் மீது குற்றம் சொல்லுவார் யாருமில்லை. அவர் எல்லோரும் செய்ததையே செய்தார். கைக்குழந்தையோடு காரவானில் தங்கும் குடும்பத்தார் இந்தச் சரித்திரத்தை அறிந்திருப்பது நல்லது. குழந்தையின் மலம் பட்ட துணியை அலசிய ஜலம் கழுவு ஜலத்தோடு சேர்ந்ததன்று. அது மலஜலத்தோடு சேர்க்கப்படவேண்டியது.

இனி, வண்டிக்காரர்கள் கழுவு ஜலத்தைச் சேர்க்கும் விதம். முன்னாளில் குழாய் வாயின் கீழ் ஒரு வாளியை வைத்தார்கள். வாளி திறந்த பாத்திரம். ஈயும் குளவியும் அதை மொய்க்கும். நாய் வந்து நக்கும். இரவில் மழை பெய்தால் வழிந்தோடும். உள்ளே பாத்திரம் கழுவுகிறவருக்கு வெளியே வாளி நிறைந்தது தெரியாது. ஆகையால் தற்காலத்தில் மூடிய பாத்திரத்தையே உபயோகிக்கிறார்கள். ‘வேஸ்ட்மாஸ்டர்’ என்னும் பெயரால் வழங்குவது ஒருவகை. அது 38 லிட்டர் கொள்ளும் தட்டையான பெட்டி. வண்டியின் அடியில் தள்ளிவைக்கலாம். சக்கரமும் கைப்பிடியும் உள்ளமையால், நிறைந்தபின் இழுத்துச் செல்லலாம். நல்ல ஜலத்திற்கோ ‘அக்வாரோல்’ என்னும் உருட்டுப் பீப்பாய் உண்டு. அது சுமார் 40 லிட்டர் கொள்ளுவது. ஒன்று உருளை, மற்றது தட்டை. இருட்டில் கைதடவினாலும் எது நல்ல ஜலத்துக்குரியது, எது அழுக்கு ஜலத்துக்குரியது என்று தவறாமல் தெரிந்துவிடும். இது தற்செயலாக அமைந்ததோ அன்றோ, மிகச் சிறந்த ஏற்பாடு. ஒரே மாதிரியான இரண்டு வாளிகளை வைத்துக்கொண்டு, ‘இது அதற்கு, அது இதற்கு’ என்று வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் சொல்லிவைப்பது எந்தத் தேசத்திலும் நெடுநாள் பலித்ததில்லை.

இரண்டு பாத்திரங்களின் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. நல்ல ஜலம் தீர்ந்து பீப்பாயை நிரப்பப் போகும்போதே கழிவுப் பெட்டியும் நிறைந்திருக்கும். இரண்டையும் ஒரே தடவையில் கவனித்துவிடலாம். ஆனால் நிரப்பும் குழாயடிக்கு முதலில் சென்றுவிட்டுப் பிறகு கழிவு கொட்டுமிடத்திற்குப் போகவேண்டுமேயன்றி, அழுக்குக் கையோடு நல்ல குழாயைத் திருகலாகாது.

பெட்டிக்குச் செல்லும் குழாய் வழி நெடுகச் சரிவாகவே இருக்கவேண்டும். நடுவில் தொய்ந்து பள்ளமானால் அங்கே ஜலம் தேங்கும். சோப்பும் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் கலந்த ஜலம் கோடையில் ஒன்றிரண்டு நாட்களிலேயே தன்னிடமுள்ள பிராணவாயுவை இழந்து அழுகிய முட்டை நாற்றம் வீசத் தொடங்கும். அந்நாற்றம் குழாய் வழியே மேலேறிப் படுக்கையறையை அடையும். பலர் இதற்கு வாசனைத் திராவகம் ஊற்றுகிறார்கள். அது பணச் செலவு, பயன் இல்லை. பெட்டியை நாள்தோறும் காலி செய்து, வாரத்திற்கு ஒருமுறை சலவைச் சோடாக் கலந்த வெந்நீரால் குலுக்கிக் கழுவுவதே போதும்.

கொழுப்பைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வறுத்த சட்டியிலுள்ள நெய்யும் கொழுப்பும் சூடாயிருக்கும்போது ஜலம்போல் ஓடிவிடும். குழாயிலும் மண்ணிலும் போய்க் குளிர்ந்தபின் மெழுகாகிறது. ஜலத்தை வாங்கிக்கொள்ளும் மண்ணின் நுண்ணிய துவாரங்களை அம்மெழுகு அடைத்துவிடுகிறது. கழிவு ஜலம் பரவும் நிலங்கள் கெடுவதற்குப் பெரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே சட்டியையும் தட்டையும் கழுவுமுன் பழைய காகிதத்தால் துடைத்து, அக்காகிதத்தைக் குப்பையில் போடும்படி நல்ல தங்குமிடங்களில் சொல்லுகிறார்கள். தொட்டியின் வாயில் ஒரு சல்லடை வைத்துப் பருக்கைகளைத் தடுப்பதும் அவசியம். இரண்டும் சேர்ந்து அரை நிமிஷ வேலை.

சேர்த்த ஜலத்தை எங்கே கொட்டுவது? 1983-ல் சர்க்கார் வெளியிட்ட மாதிரி விதிகளில், எந்த வண்டியும் குடிஜலக் குழாய்க்கு 90 மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இருக்கலாகாதென்றும், கக்கூசுப் பாத்திரங்களைக் காலி செய்வதற்குத் தகுந்த இடமும் அவற்றை அலசுவதற்குப் போதிய ஜலமும் இருக்கவேண்டுமென்றும் கூறப்பட்டிருக்கிறது. தூரத்துக்கு எல்லை வகுத்தது புத்திசாலித்தனம். கொட்டுமிடம் வெகு தொலைவிலிருந்தால், மழை பெய்யும் இரவில் 38 லிட்டரை இழுத்துக்கொண்டு எவரும் அங்கே போகமாட்டார். வேலிதான் பக்கத்தில் இருக்கிறதே! விதியை மீறுகிறவரைக் கடிந்துகொள்ளுமுன், விதியை நிறைவேற்றும் இடம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நிலத்துக்குடையவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டும்.

சாக்கடை இல்லாத வெளியில் கழுவு ஜலத்தைச் சுத்தி செய்ய வல்லது மண் ஒன்றே. அதிலும் மேல் மண். லண்டனில் வைத்தியராயிருந்த டாக்டர் விவியன் பூர் என்பவர் 1893-ல் வெளியிட்ட கிராம சுகாதாரக் கட்டுரைகளில் இதை வற்புறுத்தினார். மேல் மண்ணில் காற்று உண்டு, மண்புழு உண்டு, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கிருமிகள் உண்டு. அக்கிருமிகள் பிராணவாயுவின் உதவியால் அழுக்கைத் தின்று பயிருக்கு உரமாக்கிவிடுகின்றன. ஆழக் குழி தோண்டி அதில் ஊற்றினால் ஜலம் இந்தப் பணியாட்களையெல்லாம் தாண்டிக் கீழே போய், காற்றில்லாத இடத்தில் அழுக்கோடேயே நிலத்தடி ஊற்றைச் சேர்கிறது. கண்ணுக்கு மறைந்துவிட்டது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். ஆழமான குழியைக் காட்டிலும் அகலமான, ஆழமற்ற வாய்க்கால் மேல் என்பதை ஐந்து வண்டிக்காரர் மட்டுமன்று, வீட்டுக் கொல்லையில் உறிஞ்சு குழி எடுக்க நினைக்கும் எவரும் மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

மண் எவ்வளவு வாங்கும் என்பதை ஊகத்தால் சொல்லவேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். அத்தேசத்துக் கட்டட விதிகளில் கூறியுள்ள சோதனை ஒரு மண்வெட்டியும் ஒரு கடிகாரமும் உடைய எவரும் செய்யக்கூடியது. குழாய் பதிக்க உத்தேசித்திருக்கும் மட்டத்திற்குக் கீழே 300 மில்லிமீட்டர், அதாவது சுமார் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள சதுரக் குழி ஒன்று வெட்டவேண்டும். மாலையில் அதை ஜலத்தால் நிரப்பி இரவெல்லாம் ஊறவிடவேண்டும். மறுநாள் மீண்டும் 300 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, ஜலம் முக்காலளவிலிருந்து காலளவுக்கு இறங்க எத்தனை விநாடி செல்லுகிறதென்று பார்க்கவேண்டும். அந்த விநாடிகளை 150-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர் இறங்கும் நேரம் கிடைக்கும். இரண்டு குழிகளுக்குக் குறையாமல், குழிக்கு மூன்று தடவை செய்து சராசரி காணவேண்டும். பெருமழைக் காலத்திலும் கடும் வறட்சியிலும் செய்யும் சோதனை பொய் சொல்லும்.

கிடைத்த எண் 12-க்குக் குறைந்தால் மண் சல்லடை போன்றது. ஜலம் சுத்தியடையுமுன்னரே ஊற்றில் சேர்ந்துவிடும். 100-க்கு மேற்பட்டால் களிமண்; ஜலம் மேலே தேங்கிச் சேறாகும். இரண்டு விதத்திலும் அந்த நிலம் இதற்கு உதவாது. இடைப்பட்டதாயின், ஆட்களின் தொகையை அந்த எண்ணால் பெருக்கி, அதில் கால் பங்கு எடுத்தால், எத்தனை சதுர மீட்டர் நிலம் வேண்டுமென்று தெரியும். உதாரணமாக, ஜலம் இறங்க 2 மணி நேரம், அதாவது 7,200 விநாடி செல்லுகிறதென்றால் எண் 48. வண்டிக்கு இருவராக ஐந்து வண்டிக்குப் பத்துப் பேர். பத்தை 48-ஆல் பெருக்கிக் கால் பங்கு கொண்டால் 120 சதுர மீட்டர். இது நிரந்தர வீடுகளில், செப்டிக் டாங்கில் தங்கித் தெளிந்து வரும் ஜலத்திற்கு ஏற்பட்ட கணக்கு. வண்டிக்காரர் செலவிடும் ஜலம் வீட்டாரினதைவிடக் குறைவாதலால், இக்கணக்கின்படி ஒதுக்கிய நிலம் தாராளமாகவே இருக்கும்.

தூரங்களை மறத்தல் கூடாது. குடிஜலம் எடுக்கும் கிணற்றுக்கும் கழிவு பரவும் நிலத்துக்கும் இடையே 50 மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ஓடை, வாய்க்கால்களுக்கு 10 மீட்டர். வீடுகளுக்கு 15 மீட்டர். மழைக்காலத்தில் நிலத்தடி ஜலம் குழாய் மட்டத்திற்கு ஒரு மீட்டர் கீழ் வரையில் ஏறிவரும் இடமாயின் அதையும் விலக்கவேண்டும். கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் கழிவை விடலாகாதென்பதை எழுதி வைக்கவே வேண்டியதில்லை. ஆயினும் தோட்டத்தின் மேட்டு மூலைதான் பார்வைக்கு மறைவாயிருக்கிறது என்று அங்கேயே கொட்டுமிடத்தை அமைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

மலஜலத்தின் வரலாறு வேறு. 1924-ல் ஜாக்சன் என்பவர் ‘எல்சான்’ என்னும் இரசாயனக் கக்கூசை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வாளியில் இரசாயனத் திராவகம் விட்டுவைத்தால் மலம் அழுகாது, நாறாது. காரவான்காரர்களிடையே இது வெகுவாகப் பரவி, கக்கூசுப் பாத்திரம் கொட்டுமிடத்திற்கே ‘எல்சான்’ என்று பெயர் வழங்கலாயிற்று. தற்காலத்து வண்டிகளில் வெளிப்புறத்துச் சிறு கதவைத் திறந்து உருவியெடுக்கத்தக்க ‘கஸெட்’ என்னும் மூடிய பெட்டி இருக்கிறது. அது இருபது லிட்டருக்குச் சற்றுக் குறையக் கொள்ளும்.

இங்கேதான் குடியானவன் ஏமாறுவது. அவன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு செப்டிக் டாங்கு இருக்கும். கஸெட்டையும் அதில் கொட்டினால் ஆயிற்று என்று அவன் எண்ணுகிறான். செப்டிக் டாங்கு என்பது வெறும் தொட்டியன்று. உயிருள்ள கிருமிகள் மலத்தைத் தின்று கரைக்கும் இடம். இரசாயனத் திராவகங்களில் பலவற்றில், முக்கியமாக நீல நிறத்தனவற்றில், பார்மல்டிஹைட் என்னும் பொருள் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. கிருமிகளைக் கொல்லுவதே அதன் தொழில். கஸெட்டில் நாற்றத்தை அடக்கிய அதே மருந்து, தொட்டியில் வேலை செய்யும் கிருமிகளையும் கொல்லும். மலம் கரையாமல் நிறைந்து, ஊறு வாய்க்கால்களுக்குள் புகுந்து மண்ணை அடைக்கும். ஆறு மாதம் சென்றபின் தொட்டி பொங்கும்போது, காரணமான விருந்தினர் இருநூறு மைல் தூரத்தில் இருப்பார். இதனாற்றான் சிறு தங்குமிடங்கள் பலவற்றில் பார்மல்டிஹைட் கலவாத பச்சைத் திராவகத்தை மட்டுமே உபயோகிக்கவேண்டுமென்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைவிடப் பத்திரமான வழி, கஸெட்டுகளுக்கென்று எங்கும் ஒழுக்கில்லாத மூடிய தொட்டியொன்றைத் தனியே கட்டி, நிறைந்தபோது லாரியில் இறைத்துச் செல்ல ஏற்பாடு செய்வது. செலவு அதிகந்தான். கெட்டுப்போன ஊறு வாய்க்கால்களைத் தோண்டி மாற்றுவதற்கு ஆகும் செலவு அதனினும் அதிகம்.

கஸெட் கொட்டுமிடத்தில் அலசுவதற்கு ஒரு குழாய் இருக்கும். அக்குழாயில் எவரும் குடிஜலம் பிடிக்கலாகாது. அதன் ரப்பர்க் குழாயின் நுனி நூறு கஸெட்டுகளின் வாயில் நுழைந்து வந்தது. ரப்பர்க் குழாயின் நுனி அழுக்கு ஜலத்தில் முழுகிக் கிடக்கும்போது பிரதானக் குழாயில் அழுத்தம் குறைந்தால், அந்த அழுக்கு பின்னோக்கி உறிஞ்சப்பட்டு நல்ல ஜலத்திலேயே கலந்துவிடும். ஆகவே நுனி எப்பொழுதும் தொட்டியின் விளிம்புக்கு மேலே தொங்கவேண்டும். பின்னோட்டத்தைத் தடுக்கும் அடைப்பானும் பொருத்தவேண்டும். நல்ல குழாய் வேறு பக்கத்தில், வேறு நிறத்தில், ‘குடிஜலம்’ என்ற எழுத்தோடு நிற்கவேண்டும்.

வண்டியோடு மோட்டாரும் ஒன்றாயமைந்த மோட்டார் வீடுகளில் கழிவுத் தொட்டி அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அவ்வண்டிகளுக்குத் தரையில் கம்பியழி பதித்த ஒரு சிமிட்டித் தளம் வேண்டும். வண்டியை அதன்மேல் நிறுத்தி அடைப்பைத் திறக்கலாம். இத்தளம் இல்லாத இடங்களில் சிலர் பெருவழியில் ஓடும்போதே அடைப்பைத் திறந்துவிட்டுச் செல்லுவதுண்டு. இது வழிநெடுகப் பிறர் வாசலில் தன் வீட்டுச் சாக்கடையைத் திறப்பது. வேறு பெயர் இதற்கில்லை.

இவையெல்லாம் சீமைக்கு மட்டும் உரியன என்று இப்பொழுது சொல்லுவதற்கில்லை. கேரள சர்க்கார் 2021-ல் காரவான் பிரயாணத்திற்கென ஒரு திட்டம் அறிவித்து, தனியார் நிலங்களிலும் அவ்வண்டிகள் தங்குவதற்கு வெளிகள் அமைக்க ஊக்கமளித்திருக்கின்றனர். மலைச்சரிவில் தேயிலையோ ஏலமோ பயிரிடும் சிறு நிலக்காரரிடம், ‘ஐந்து வண்டி நிற்க இடம் கொடுப்பீரா?’ என்று ஒருவர் வந்து கேட்கும் காலம் தூரத்திலில்லை. மலைப் பிரதேசத்தில் மேல் வீட்டுக்காரனின் கழிவு கீழ் வீட்டுக்காரனின் ஊற்றாகும். இங்கிலாந்தின் சமவெளிக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. சரிவில் மண் மெல்லியதாயும் அடியில் பாறையாயும் இருந்தால், 50 மீட்டர் தூரங்கூடப் போதாமற் போகலாம். பாறைப் பிளவில் இறங்கிய ஜலம் வடிகட்டப்படாமலே வெகுதூரம் ஓடும். அங்கே சோதனைக் குழி வெட்டாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தகாது.

ஒருவர் நிலத்தில் ஏற்பாடு செய்வதற்கு ஆகும் செலவைத் தனியே தாங்க முடியாதவிடத்து, அடுத்தடுத்துள்ள நான்கைந்து நிலக்காரர் சேர்ந்து மூடிய தொட்டி ஒன்றும் இறைக்கும் லாரி ஏற்பாடும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். வாடகைப் பணத்தில் வண்டிக்கு இவ்வளவென்று தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தால், இறைப்புக் கூலி வரும்போது எவருக்கும் மனத்தாங்கல் நேராது. பொதுத் தொட்டியில் பார்மல்டிஹைட் கொட்டினது யார் என்ற வழக்கு மட்டும் எழும். திராவகத்தைச் சங்கமே வாங்கி வண்டிக்காரர்களுக்கு விற்றுவிட்டால் அதற்கும் இடமில்லை.

பருவம் முடிந்து கடைசி வண்டி போனபின் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. செப்டிக் டாங்கின் மூடியைத் திறந்து அடியில் படிந்த வண்டலின் கனத்தைக் கோலால் அளந்து பார்த்து, வருஷத்திற்கொருமுறை அதை எடுத்துவிடவேண்டும். வண்டல் முழுவதையும் வழித்தெடுக்காமல் சிறிது விட்டுவைத்தால், அதிலுள்ள கிருமிகள் அடுத்த பருவத்திற்கு விதையாயிருக்கும். மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டலாகாது. விளக்குக் கொளுத்திப் பார்க்கவும் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் வாயு மூர்ச்சையாக்கும், தீயும் பிடிக்கும். ஊறு வாய்க்கால்களின் மேலுள்ள புல் ஓரிடத்தில் மட்டும் மிகப் பசுமையாகவும் காலுக்கு மெத்தென்றும் இருந்தால், அங்கே குழாய் உடைந்திருக்கிறது அல்லது மண் அடைத்திருக்கிறது என்று கொண்டு, அடுத்த வண்டி வருமுன் தோண்டிப் பார்க்கவேண்டும். அதே வாரத்தில் கிணற்று ஜலத்தையும் ஒரு புட்டியில் எடுத்து சுகாதாரப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பிவைக்கலாம்.